பொடக்காலியில் இருந்தவள்

எங்கள் ஊரில் ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொண்டால் வயதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பிறந்த நாளையும் நேரத்தையும் எழுதிவைக்கிற வழக்கம் ஜாதகம் பார்க்கிற வீடுகளில்தான் இருந்தது. மற்றவர்கள் அதைப் பிள்ளையின் பெயரிலேயே முடிந்துவைத்துவிட்டார்கள். அமாவாசையன்று பிறந்தவன் அமாவாசை. திருச்செங்கோட்டுத் தேர் பார்க்கப் போன வழியில், மாட்டு வண்டிக்குள்ளேயே பிறந்தவள் தேராயி. கல்மழை அடித்து சோளமெல்லாம் படுத்துப்போன வருஷத்தில் பிறந்தவனுக்கு ஆலங்கட்டி என்று பெயர். அவன் பேரன் எடுத்த பிறகும் அதே பெயர்தான். வரிசையாகப் பெண்ணே பிறந்த எரிச்சலில் ஒருத்திக்குப் போதும்பொண்ணு என்று வைத்தார்கள். அவளுக்குப் பிறகும் அந்த வீட்டில் பெண்தான் பிறந்தது.

என் பெயர் குப்பாயி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது என் பெயர் வந்ததும் பின்வரிசையில் யாராவது மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அமாவாசையும் ஆலங்கட்டியும் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ஒரு பெயரைக் கேட்டுச் சிரிப்பு வருகிறதென்றால் அந்தப் பெயருக்கு ஏதோ தனித் தகுதி இருக்க வேண்டும். என் பெயருக்கு இருந்தது. நான் குப்பைமேட்டில் கிடந்தவள்.

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று பிள்ளைகளைச் சீண்டாத வீடு எது? பிள்ளை உதட்டைப் பிதுக்கியதும், சும்மா சொன்னேன் என்று தூக்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் யாரும் சும்மா சொன்னேன் என்று சொன்னதில்லை. குப்பைமேட்டில் கிடந்த என்னைத் தறிக்காரத் தெருவில் இருந்த ஓர் அம்மாள் எடுத்தாளாம். அவள் பெற்ற பிள்ளைகள் ஒன்றுகூடத் தவறாமல் பிழைத்தவை. இன்னொன்றுக்கு அவள் வீட்டில் இடமில்லை. ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டு என்னை இந்த வீட்டில் கொடுத்துவிட்டாளாம். அதனால் அந்தத் தறிக்காரம்மாளை நான் அம்மா என்று கூப்பிட வேண்டும். என்னை வளர்த்தவர்களைப் பெரியம்மா, பெரியப்பன் என்று கூப்பிட வேண்டும். அப்படித்தான் கூப்பிட்டேன்.

ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட சாமி என்று கூப்பிடுவதுதான் அதிகம். வா சாமி, சாப்பிடு சாமி, அடிபட்டுப் போச்சா சாமி. எருமை மேய்க்கிற கிழவர்கூட என்னைச் சாமி என்பார். பெரியம்மா மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. ஏ குப்பாயி என்பாள், அதோடு சரி. புதுத்துணி எடுத்தால் அதில் ஒரு மூலையைக் கிழித்துவிட்டுத்தான் எனக்குக் கட்டிவிடுவாள். பிள்ளை தளதளவென்று இருக்கிறாளே என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், இதுவா, பன்னாடையாட்டம் இருக்குது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால் ஓடிவந்து தூக்குகிறவள் அத்தைதான். பெரியப்பனுடைய அக்கா அவள்; தாலியறுத்து வந்து எங்களோடு இருந்தாள். எனக்கு அந்தச் சாமி என்கிற சொல் வேண்டியிருந்தது. வெல்லத்துக்கு ஏங்குவதுபோல அதற்கு ஏங்கினேன்.

பெரியம்மாவிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. விடியற்காலையில் என் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நிற்கும். கண்ணைத் திறந்தால் விரல் போய்விடும். பெரியம்மா அடுப்படிப் பக்கம் நடந்துகொண்டிருப்பாள். பொய்த்தூக்கம் போடுகிறேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து சாணி பொறுக்கப் போய்விடுவேன்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது, அம்மிக்கு மட்டும் இல்லை. எங்கள் அம்மி பெரிய கல். அதன்மேல் உருள்கிற குழவி சின்னது, வேறெங்கோ வாங்கியது. இரண்டும் ஒட்டாது. மிளகாய் அரைத்தால் பாதி அரைபடாமல் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். அத்தை ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பாள். பெரியம்மா காதில் விழாத மாதிரி இருப்பாள். பழைய குழவி என்ன ஆயிற்று என்று ஒருமுறை கேட்டேன். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்து, போய் விளையாடு என்றாள்.

விளையாடலாம், ஆனால் பொடக்காலியில் விளையாடக் கூடாது. வீட்டுக்குப் பின்னால், குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் இருக்கிற இடத்தை எங்கள் பக்கம் பொடக்காலி என்போம். அதன் கோடியில், முருங்கை மரத்தடியில், மண் கொஞ்சம் மேடாக இருக்கும். மேட்டின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். அந்தப் பக்கம் பந்து உருண்டு போனால் பந்து போனதுதான்.

எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும்போது எலி விழுந்தது. பிளேக்கு வருவதற்கு முன்னால் அப்படித்தான் தெரியும்: பட்டப்பகலில் எலி தள்ளாடிக்கொண்டு நடுவாசலுக்கு வந்து, சுற்றிச் சுற்றி ஆடிவிட்டு விழுந்து சாகும். முதலில் மளிகைக்கடையில் விழுந்தது. அப்புறம் எங்கள் அடுப்படியிலேயே ஒன்று விழுந்தது. ஊருக்குத் தண்டோரா போட்டார்கள். அவரவர் மாடு கன்றைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பானை சட்டியோடு மேட்டுக்காட்டுக்குப் போய்க் கொட்டகை போட்டுக்கொள்ள வேண்டும். தை அறுவடை முடிந்திருந்ததால் சோளத்தட்டுக்குப் பஞ்சமில்லை. சுவரும் கூரையும் அதிலேயே கட்டினோம்.

எல்லாரும் வண்டியில் ஏறிய பிறகும் பெரியம்மா வரவில்லை. பெரியப்பன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பொடக்காலியில் அவர் குரல் முதலில் அதட்டலாகவும் பிறகு கெஞ்சலாகவும் கேட்டது. பெரியம்மா வந்து வண்டியில் ஏறினாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்வரை பின்பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வீட்டை விட்டு வருகிற வருத்தம் என்று நினைத்தேன். அந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது, ஒட்டாத ஓர் அம்மிதானே.

பெரியவர்களுக்குத்தான் பயம். பிள்ளைகளுக்குக் கொட்டகை வாழ்க்கை கோவில் நோம்பி மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை, வாசல் கூட்ட வேண்டியதில்லை. பக்கத்துக் கொட்டகையில் இருந்த அக்காவுக்கு அங்கேயே பிரசவமாகிப் பெண் பிறந்தது. காட்டில் பிறந்ததால் காட்டாயி. அந்த அக்கா நாளெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என்ற சாமி, என்ற தங்கமே, உன்னாட்டம் அழகு ஊருக்குள்ள ஆரு இருக்கறா என்று கொஞ்சிக்கொண்டே இருப்பாள். நான் தட்டுச் சுவரில் முதுகை வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பெரியம்மாவும் கேட்பாள். கொஞ்சல் அதிகமானால் எழுந்து அப்பால் போய்விடுவாள். ஒருநாள் அந்த அக்காவிடம் போய், வாயை மூடிக்கொண்டு பால் கொடு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சல் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லி அழுதாள்.

உச்சி வெயிலில், எல்லாரும் கொட்டகை நிழலில் கண் அசருகிற நேரத்தில், பெரியம்மா காணாமல் போவதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். முந்தானைக்குள் ஒரு சின்னச் சொம்புப் பாலை மறைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரி வழியாக ஊர்ப்பக்கம் போவாள். ஊருக்குள் போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இருந்தது. போனவர்கள் நோயைக் கொண்டுவருவார்கள் என்று பயம். ஒருநாள் நான் அவள் பின்னாலேயே போனேன். அங்கே யாருக்கோ பால் கொடுக்கிறாள், அது யாரென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

ஆள் இல்லாத ஊரைப் பகலில் பார்க்கக் கூடாது. ராத்திரி என்றால் எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். பகலில் அப்படி ஏமாற்றிக்கொள்ள வழியில்லை. கோழி இல்லை. தறிக்காரத் தெருவில் எந்நேரமும் கேட்கிற தறிச் சத்தம் இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன, உள்ளே தறிக்குழிகள் கறுப்பாகத் தெரிந்தன. சர்க்கார் ஆட்கள் வந்து, வெயில் உள்ளே விழட்டும் என்று வீட்டுக்கு வீடு ஓட்டைப் பிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். என்றைக்கும் இருட்டாக இருக்கிற அறைகளில் கட்டம் கட்டமாக வெயில் கிடந்தது. ஒரு வீட்டில் உத்திரத்திலிருந்து தூளிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை, ஆனால் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் சுண்ணாம்புப் பொடி. அதில் பெரியம்மாவின் கால் தடம் மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் போயிருந்தது. எனக்குப் பழக்கமான ஒரு நாய் கூடவே வந்தது. எங்கள் சந்து முனை வந்ததும் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைச் சோறு தின்னக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து, அதன் பின்பக்கத்திலிருந்து.

"பழனீ. செங்கோடா. வாங்க சாமி, பால் குடிக்க வாங்க."

அப்படி ஒரு குரலை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. அவ்வளவு கனிவு. உச்சி வேளையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறை கூப்பிடும்வரை ஏனென்று கேட்காதே, கூப்பிடுவது மனுஷர்தானா என்று தெரியாது என்று அத்தை சொல்லி வைத்திருந்தாள். ஆனால் கூப்பிட்டது என்னையில்லையே. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, அடுப்படி வாசல்வரை போய்விட்டேன்.

"காவேரீ," என்றது குரல். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும், "காவேரீ."

எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் காவேரி என்று யாரும் இல்லை. ஆனாலும் என்ன நடந்ததென்றால், ஏனுங்க என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. தொண்டைவரை சத்தம் வந்துவிட்டது. ஏன் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முருங்கை மரத்தடியில் பெரியம்மா தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டின் மேல் மூன்று கற்கள் இருந்ததை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். முதல் இரண்டு கல்லின் அடியிலும் பால் ஊற்றி ஈரமாக இருந்தது. மூன்றாவது இடத்தைப் பெருச்சாளி தோண்டிப் போட்டிருந்தது. குழிக்குள் மக்கிப்போன மஞ்சள் துணி தெரிந்தது. துணிக்குள்ளிருந்து கறுப்பாக, உருண்டையாக, வழவழவென்று ஒன்று எட்டிப் பார்த்தது. வெயில் பட்டு அது மினுங்கியது. குழந்தையின் தலை என்று எனக்குத் தோன்றியது.

பெரியம்மா அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடினாள். தூங்கவைக்கிற மாதிரி உள்ளங்கையால் தட்டிக்கொண்டே பேசினாள். முதலில் மெதுவாக, பிறகு யாரோ ஒளிந்து கேட்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல உரக்க.

"உன்னெய உட்டுப்போட்டு எங்கீம் போகலெ காவேரீ. நீ செத்தவ. மண்ணுக்குள்ள கெடக்கறவ. ஆரு வந்து கேட்டாலும் நாந்தான் காவேரி, இங்கத்தான் இருக்கறேன்னு சொல்லு. சொல்லுவியா என்ற சாமி?"

சாமி. எனக்குக் கொடுக்காத சொல்லை மண்ணுக்குக் கொடுத்தாள். பயத்தையும் மீறி எனக்கு அழுகை வந்தது. பின்னால் நகர்ந்தபோது காலடியில் ஓட்டுத்துண்டு ஒன்று உடைந்தது. பெரியம்மா திரும்பினாள்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோயிற்று. கூட்டத்தில் மாறிப்போன ஆளைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆரு புள்ள நீ?" என்றாள். "தறிக்காரி ஊட்டுப் புள்ளையா? இங்க உனக்கு ஆருமில்ல. போ."

பெரியம்மா, நான்தான் குப்பாயி என்றேன். எனக்குத் தெரியாது, எங்கிருந்தோ வந்த புள்ள, போ என்றாள் மறுபடியும். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து நாயை விரட்டுவதுபோல எறிந்தாள். அது என்மேல் படவில்லை. நான் அந்தத் திறந்த வீடுகளுக்கு நடுவில் அழுதுகொண்டே ஓடினேன்.

கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது உடம்பு கொதித்தது. வெயிலில் ஓடியதாலா, பயந்ததாலா, தெரியாது. மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. எல்லாரும் என் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். நெறி கட்டியிருந்தால் பிளேக்கு. பிளேக்கு என்றால் முடிந்தது. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். பெரியப்பன் வெளியே மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். தறிக்காரம்மாளைக் கூட்டிவந்தார்கள், அவள் மடியில் என் தலையை எடுத்து வைத்துக்கொண்டு ஈரத்துணி போட்டாள். பெரியம்மா என் பக்கத்திலேயே வரவில்லை.

அவள் கொட்டகை வாசலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊர்ப் பாதையைப் பார்த்து நின்றாள். வெளியே யாரும் இல்லை. வெயிலில் பாதை மட்டும் கிடந்தது. அவள் அதைப் பார்த்து, கடன்காரனை வாசலிலேயே நிறுத்திப் பேசுகிற குரலில் பேசினாள். இங்கே உனக்கு ஒன்றும் இல்லை. உன்னுது எல்லாம் பொடக்காலியில் கிடக்கிறது, போய்ப் பார்த்துக்கொள். இது குப்பையில் கிடந்தது, பேரும் குப்பைதான், ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கினது. இதைக் கொண்டுபோய் என்ன பண்ணப்போகிறாய். இப்படியே பொழுது சாயும்வரை, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எல்லாம் எனக்குத் தெளிவாகிவிட்டது. பெரியம்மாவுக்குச் சொந்தப் பிள்ளைகள் இருந்து செத்துப்போனார்கள். அதில் காவேரி என்று ஒரு பெண் இருந்தாள், அவள்தான் சாமி. அவள் போன வெறும் இடத்தில் என்னைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அம்மியின் மேல் அந்தக் குழவியை வைத்த மாதிரி. ஒட்டவில்லை. நான் செத்தாலும் பெரியம்மாவுக்குத் தவிடுதான் நஷ்டம்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. நெறி எதுவும் கட்டவில்லை. அன்றைக்கே பக்கத்துக் கொட்டகையில் காட்டாயி செத்துப்போனாள். காலையில் பால் குடிக்கவில்லை என்றார்கள், மத்தியானம் அழுகைச் சத்தம் கேட்டது. அந்த அக்கா, என்ற சாமி, என்ற தங்கமே என்று அதே வார்த்தைகளைத்தான் சொல்லி அழுதாள். எல்லாரும் அங்கே ஓடினார்கள். பெரியம்மா மட்டும் எங்கள் கொட்டகை வாசலில் இரண்டு கையையும் பக்கத்து மூங்கில்களில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். துக்கத்துக்குக்கூட வராத கல்நெஞ்சக்காரி என்று பேசிக்கொண்டார்கள். நான் இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடவில்லை. அன்று நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

விஷயத்தை நான் தெரிந்துகொண்டது எனக்குக் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது. அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டு, இந்தக் குழவியைத் தூக்கி எறிந்தால் என்ன என்று சலித்துக்கொண்டேன். பெரியம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அத்தை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பெரியம்மாவுக்கு முதல் பையன் தைப்பூசத்தன்று பிறந்தான், பழனி என்று வைத்தார்கள். அடுத்தவன் திருச்செங்கோட்டுத் தேரன்று பிறந்தான், செங்கோடன் என்று வைத்தார்கள். நல்ல நாளில் பிறந்ததை ஊருக்கெல்லாம் தெரிகிறமாதிரி பெயர் வைத்தோம், கேட்கக் கூடாததற்கும் கேட்டுவிட்டது என்றாள் அத்தை. இருவரும் பெயர் வைத்த மறுநாளைத் தாண்டவில்லை. அதனால் மூன்றாவது பிள்ளைக்குப் பெயரே வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்களாம். ஆனால் அது ஆடிப்பதினெட்டு. ஊரே வண்டி கட்டிக்கொண்டு காவிரிக்குப் போயிருந்த காலை வேளை. பிறந்தது பெண் என்று அத்தை சொன்னதும், பெற்றவள் சந்தோஷத்தில் தன்னை மறந்து, "என்ற சாமி, காவேரி" என்று சொல்லிவிட்டாள். அத்தை பாய்ந்து வாயைப் பொத்துவதற்குள் பெயர் வெளியே வந்துவிட்டது.

சொன்ன பெயரைத் திரும்பி வாங்க முடியாது. அதனால் காவேரி என்று ஒருத்தி செத்தாக வேண்டும். எடுப்பதற்குக் கனமாகவும் கைக்கு அடக்கமாகவும் வீட்டில் அந்தக் குழவிதான் இருந்தது. அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் துணியில் சுற்றி, பெற்றவள் மாரில் அணைத்து அழுது, முருங்கை மரத்தடியில் அண்ணன்களுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். காவிரியிலிருந்து திரும்பிய ஊர் துக்கம் கேட்டுவிட்டுப் போனது. மறுநாள் தறிக்காரம்மாள் குப்பைமேட்டில் ஒரு பிள்ளையைக் கண்டெடுத்தாள். ஊருக்கெல்லாம் தெரியும். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

பிளேக்கு வருஷத்தில் காவேரி என்ற குரலுக்கு என் வாய் தானாகத் திறந்ததை அவளிடம் சொன்னேன். நீ அன்னைக்கி ஏனுங்கன்னு கேட்டிருந்தா எல்லாம் போயிருக்கும் என்றாள் அத்தை. வயிற்றில் பிள்ளை ஒருமுறை புரண்டு படுத்தது. பெரியம்மா சந்தையிலிருந்து வந்ததும் அவளை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று எழுந்தேன். அத்தை கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் காத்ததை ஒரு வார்த்தையில் கெடுத்துவிடாதே என்றாள். நான் கூப்பிடவில்லை. பெரியம்மா கடைசிவரை என்னைக் குப்பாயி என்றுதான் கூப்பிட்டாள், நானும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன். வீடு கைமாறிவிட்டது. காவேரி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். யார் வந்து கேட்டாலும் என் சார்பில் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் தெரியாத காலத்தைப் பற்றி. பிளேக்கு ஓய்ந்து, ஓடு மாற்றி, சாணம் தெளித்து எல்லாரும் ஊருக்குள் வந்துவிட்டோம். ஒரு மத்தியானம் மாரியம்மன் கோவில் பொரியை மடியில் கட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் பொடக்காலிக்குப் போனேன். பயம் இருந்தது. பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிப் பொரியை மண்ணில் வைத்தேன். உன்னை மட்டும் எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறாள் பார் என்றேன். நீதான் உள்ளே படுத்திருக்கிறாயே, உனக்கு எதற்கு அந்தப் பெயர், எனக்குக் கொடுத்துவிடேன் என்று கேட்டேன். படுத்திருந்தால்தான் கூப்பிடுவாளோ என்று தோன்றியது. கல்லுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மண் குளிர்ச்சியாக இருந்தது.

பாத்திரம் ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. பெரியம்மா ஓடிவந்து என் முடியைப் பற்றித் தூக்கி நிறுத்தினாள். முதுகிலும் காலிலும் கையால் அடித்தாள். இழுத்துக்கொண்டு போய்த் தலையோடு தண்ணீரை ஊற்றி, உடம்பில் ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் தோல் உரியத் தேய்த்தாள். நான் தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தி அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அவள் திடீரென்று நிறுத்தி, ஒரு விரலை என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். இப்படி ஊரைக் கூட்டுகிற பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று யாராவது பார்ப்பார்களா? அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்த வெயிலில் ஊருக்கும் காட்டுக்கும் நடந்ததில் பெரியம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.